சனிக்கிழமை மாலைக்கென்று எடுத்து வைத்தவை

இணையத்தில் கண்டெடுத்த நல்ல பொருள் எதையும் கண்ட கணத்திலேயே பிறருக்கு அனுப்பக் கூடாது, சனிக்கிழமை மாலை வரையாவது அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பெங்களூரில் வாழும் எங்கள் சிறிய தமிழ்க் குழு தனக்கென்று வகுத்துக்கொண்ட வழக்கம். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள், ஒயிட்ஃபீல்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், பிள்ளைகளோடு இருக்க மதுரையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வந்து சேர்ந்த பெரியவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் இதில் உண்டு. வாரம் முழுவதும் அவரவர் பார்த்தவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும், அதை யார் செய்தார்கள், எங்கே இருக்கிறது, தமக்கு ஏன் பிடித்தது என்ற மூன்று விவரங்களோடும் சேர்த்துச் சனிக்கிழமை மாலையில் மற்றவர்களுக்குத் தருகிறோம். சில வாரங்களில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம்; மழையோ போக்குவரத்து நெரிசலோ வழிமறித்தால் தொலைபேசியிலேயே முடித்துக்கொள்வோம்.

ஒன்றே ஒன்று என்ற வரம்பும் சனிக்கிழமை என்ற வரம்பும் சேர்ந்து செய்யும் வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். திங்கட்கிழமை காலையில் உடனே பகிர்ந்தாக வேண்டும் என்று தோன்றிய காணொளி புதன்கிழமை நினைவில் இருப்பதில்லை. யாரோ யாரையோ திட்டியது, ஒரு நடிகரின் திருமணச் செலவு, ஒரு கிரிக்கெட் வீரரின் கோபம் ஆகியவை இரண்டு நாட்களில் வற்றிவிடுகின்றன. வெள்ளிக்கிழமை இரவு அலுவலகப் பேருந்து வெளிவட்டச் சாலையில் நகராமல் நிற்கும்போது, கைப்பேசியைத் திறக்காமலே எது மனத்தில் மேலெழுந்து வருகிறதோ அதுதான் கொடுக்கத் தகுதியானது என்பது என் அனுபவம்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய பழக்கமன்று. வார இதழ்களில் கதை முடிந்து மிஞ்சிய இடங்களில் வந்த துணுக்குகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். தமிழ்வாணன் ஆசிரியராக இருந்த ‘கல்கண்டு’ இதழைத் துணுக்குகளுக்காகவே வாங்கிய வீடுகள் இருந்தன. படித்ததை அன்று மாலையே அக்கம்பக்கத்தாரிடம் சொல்வதும், பிடித்ததை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைப்பதும், தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து வரிசைப்படுத்திப் பைண்டு செய்து உறவினர்களுக்கு இரவல் கொடுப்பதும் அன்றைய வாசிப்பின் பகுதிகளாகவே இருந்தன. அந்த ஆர்வத்தின் உச்சத்தைச் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பார்க்கலாம். அங்கு விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அழைப்பிதழ்களையும் நாளிதழ் நறுக்குகளையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் நிறுவப்பட்டதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மற்றவர்கள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட தாள்களை ஆராய்ச்சியாளர்கள் இன்று தேடி வந்து படிக்கிறார்கள்.

ஆனால் பழைய துணுக்குகளுக்கு ஒரு குறை இருந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு மரம் இருக்கிறது, அது இரவில் ஒளிரும் என்று துணுக்கு முடிந்துவிடும். எந்த நாடு, என்ன மரம், யார் பார்த்தார்கள் என்று வாசகர் கேட்க வழியில்லை. இன்று அந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் விடை தேடிவிடலாம். ஆகவேதான் யார், எங்கே என்பதைச் சொல்லாமல் எதையும் தரக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

இதுவரை எங்கள் குழுவில் சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லோரையும் ஒரே அளவில் கட்டிப்போட்டது நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து மீன் அழைப்புமணிதான். அந்த நகரின் நடுவே ஓடும் நீர்வழியில் படகுகள் கடந்து செல்வதற்கான பழைய மதகு ஒன்று இருக்கிறது. வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிடுவதற்கு ஆழம் குறைந்த இடங்களைத் தேடி நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி வருகின்றன. அந்தப் பருவத்தில் படகுப் போக்குவரத்து குறைவு என்பதால் மதகு பெரும்பாலும் மூடியே கிடக்கும். கதவின் முன்னே காத்துக் கிடக்கும் மீன்கள் நீர்ப்பறவைகளுக்கு எளிதில் இரையாகிவிடும். இதைக் கவனித்தவர்கள் 2021இல் மதகின் அருகே தண்ணீருக்கடியில் ஒரு கேமராவைப் பொருத்தி, அதன் காட்சியை இணையத்தில் நேரலையாக விட்டார்கள். உலகின் எந்த மூலையிலிருந்தும் அதைப் பார்க்கலாம்; மீன் தென்பட்டால் திரையிலுள்ள மணியை அழுத்தலாம். மணி அழுத்தப்பட்டதும் அந்தக் கணத்தின் படம் அங்கே இருப்பவர்களுக்குப் போகிறது. போதுமான மீன்கள் சேர்ந்திருந்தால் மதகுக் காவலர் கதவைத் திறந்துவிடுகிறார்.

என் தோழியின் மாமியார் காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர். மதகும் வாய்க்காலும் அவருக்குப் பிறந்த வீடு போன்றவை. படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, “ஏம்மா, தண்ணி திறந்துவிட்டா மீனு தானா ஏறிடும். அதுக்கு ஊர்க்காரங்க எல்லாரும் மணி அடிக்கணுமா?” என்று கேட்டார். கேட்டவர்தான் மறுவாரம் முழுவதும் அதிகாலையில் அதன் முன் உட்கார்ந்திருந்தார். மார்ச் இறுதியில் அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். பெங்களூரில் காலை ஐந்து மணி என்றால் உட்ரெக்டில் இரவு ஒன்றரை. இருட்டிய பிறகு நடமாட்டம் கூடும் மீன்களைப் பார்க்க, விடியலுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? பெரும்பாலான நேரம் திரையில் கலங்கிய பச்சை நீரைத் தவிர எதுவும் இருக்காது. அந்த வெறுமையை அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்ததும், ஒரு நாள் விலாங்கு ஒன்று நெளிந்து கடந்தபோது வீட்டிலுள்ள எல்லோரையும் எழுப்பியதும் எங்கள் குழுவின் இனிய நினைவுகள். எங்கோ ஒரு நகரத்தின் மீனுக்காகக் கும்பகோணத்துப் பெண்மணி ஒருவர் பெங்களூரின் ஏழாவது மாடியிலிருந்து கதவு தட்ட முடிகிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இணையம் எதற்காக இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

காத்திருப்பதையே பொருளாகக் கொண்ட இன்னொரு நேரலை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தாமஸ் பார்னெல் என்ற இயற்பியல் பேராசிரியர் 1927இல் தார் போன்ற கீலை உருக்கி ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றினார். சுத்தியலால் தட்டினால் நொறுங்கும் அந்தப் பொருள் உண்மையில் மிக மிக மெதுவாக வழியும் நீர்மம் என்று மாணவர்களுக்குக் காட்டுவது அவருடைய நோக்கம். 1930இல் புனலின் அடிப்பகுதி வெட்டித் திறக்கப்பட்டது. ஒரு சொட்டு விழ ஏறத்தாழ ஏழு முதல் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சோதனையைப் பின்னர் பொறுப்பேற்றுப் பல பத்தாண்டுகள் காத்த ஜான் மெயின்ஸ்டோன் ஒரு சொட்டு விழுவதைக்கூட நேரில் பார்த்ததில்லை. 1988இல் சில நிமிடங்கள் அறையை விட்டு வெளியே சென்ற நேரத்தில் ஒன்று விழுந்தது. 2000இல் கேமரா பழுதாகி அடுத்தது பதிவாகாமல் போனது. 2013 ஆகஸ்டில் அவர் காலமானார். ஒன்பதாவது சொட்டு 2014 ஏப்ரலில் இறங்கியது. இதை எங்களுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. எல்லோரும் முதலில் சிரித்தோம். மெயின்ஸ்டோனின் ஆண்டுகளை அவர் வரிசையாகச் சொல்லி முடித்தபோது சிரிப்பு மரியாதையாக மாறியிருந்தது. வேடிக்கையும் வியப்பும் ஒரே பொருளில் சேர்ந்து வருவது அரிது. அப்படி வருவதுதான் பல நாட்கள் நிற்கிறது.

மெல்போர்ன் மரங்களின் கதையும் அவ்வகையைச் சேர்ந்தது. அந்த நகரத்து மாநகராட்சி, ஒடிந்த கிளை, நோய் முதலியவற்றைப் பொதுமக்கள் தெரிவிப்பதற்காக ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் அடையாள எண்ணும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. மக்களோ புகாரை விட்டுவிட்டு மரங்களுக்கே கடிதம் எழுதத் தொடங்கினார்கள். நலம் விசாரித்தார்கள், நிழலுக்கு நன்றி சொன்னார்கள். பசவேசுவர வட்டத்திலிருந்து ஹெப்பாளம் வரை இரும்பு மேம்பாலம் கட்ட எண்ணூறுக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்து, 2016 அக்டோபரில் பெங்களூர் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்தச் சங்கிலியில் நின்ற ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். மெல்போர்ன் கடிதங்களை அவர் தமிழில் வாசித்துக் காட்டியதைப் போல வேறு யாராலும் வாசித்திருக்க முடியாது.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பேசாமல் பகிர்தலின் இனிமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச்செய்தியின் விளைவாக, இதே பெங்களூரின் சாமராஜப்பேட்டையில், பிழைப்புத் தேடி வந்த இளைஞர் ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அந்த ஆண்டு நாட்டின் வேறு பல இடங்களிலும் இதே கொடுமை நிகழ்ந்தது. அதன் பிறகு ஜூலை மாதத்தில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று அதை மேலும் இறுக்கியது. பொய்யை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளை எண்ணிப் பதறிய பெற்றோர்களாகவே இருந்திருப்பார்கள். பதற்றத்துக்கும் விரலுக்கும் நடுவே சில நாட்கள் இடைவெளி இருந்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

உயிருக்கு ஆபத்தில்லாத பொய்களையும் நாங்கள் விடுவதில்லை. திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடிகள் நின்றுவிடுகின்றன, அமெரிக்க விஞ்ஞானிகளே வியக்கிறார்கள் என்ற செய்தி வராத தமிழ்க் குடும்பம் இருக்காது. என் பெரியப்பா அதைக் கொண்டுவந்தார். பெரியவர் சொன்னதை முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது எங்கள் வழக்கமில்லை; எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். பூமிக்கு அருகில் சுற்றும் கோள்கள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் வேகம் கொண்டவை. அந்த வேகமே அவற்றைக் கீழே விழாமல் காக்கிறது. மூன்று நொடிகளில் அவை இருபது கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். நின்ற இடத்தில் நிற்பதாகத் தோன்றும் கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. திருநள்ளாறு அந்தக் கோட்டுக்கு வடக்கே பதினொரு பாகை தள்ளி இருக்கிறது. பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நிஜமாவே ஓடுறதக் கண்ணால பார்க்க முடியுமா?” என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்களுடைய மிகச் சிறந்த மாலை பிறந்தது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகிறது. எந்த ஊரில், எந்த நாளில், எந்தத் திசையில் அது தெரியும் என்று நாசா முன்கூட்டியே சொல்கிறது. சூரியன் மறைந்து சற்று நேரத்துக்குள் அல்லது விடியலுக்குச் சற்று முன் மேகமில்லாத வானத்தில் அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டியதில்லை. குடியிருப்பின் மொட்டை மாடியில் எல்லோரும் நின்றோம். சொன்ன நிமிடத்தில், சொன்ன திசையிலிருந்து, விமானம்போல் மினுக்காமல் ஒரே சீரான வெளிச்சமாக அது எழுந்து வந்து, வானத்தின் பாதியைக் கடந்ததும் பூமியின் நிழலுக்குள் நுழைந்து மறைந்தது. இஸ்ரோவின் தரைநிலைய வலையமைப்பைப் பெங்களூரின் பீன்யாவிலிருந்து இயக்குகிறார்கள் என்பதையும், ஆழ்விண் கலங்களோடு பேசும் 32 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா நகருக்கு வெளியே ப்யாலாளுவில் இருக்கிறது என்பதையும் அன்று குழுவில் ஒருவர் விளக்கினார். திருநள்ளாற்றின் பெருமைக்கு அந்தப் பொய் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. மதுரையில் அனல்வாதத்தின்போது திருஞானசம்பந்தர் நெருப்பில் இட்டும் எரியாத ஏடு அத்தலத்துப் பதிகம் என்று பெரியபுராணம் சொல்கிறது. அதைப் பெரியப்பாவே எங்களுக்கு எடுத்துச் சொன்னார். அவர் இப்போது எதைக் கொண்டுவந்தாலும் மூலத்தையும் எழுதிக்கொண்டு வருகிறார்.

யாருக்காக எடுத்து வைக்கிறோம் என்பதும் முக்கியம். நூறு பேருக்குப் பொதுவாக வீசி எறிவதைவிட ஒருவரை நினைத்துத் தேர்ந்தெடுப்பதில் அன்பு கூடுதல். எங்கள் மேல்மாடியில் இருக்கும் கன்னடக் குடும்பத்துப் பெரியவர் பழைய ஊர்க்கதைகளில் ஈடுபாடு கொண்டவர் என்பதால், பி. எல். ரைஸ் தொகுத்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ கல்வெட்டுத் தொகுதிகளில் பெங்களூர் மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதியின் மின்படியை அவருக்காக ஒரு வாரம் எடுத்து வைத்தேன். டொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. வானுயர்ந்த அலுவலகங்களும் மேம்பாலமும் சூழ்ந்த இன்றைய டொம்லூரை அந்தக் கல்வெட்டுகள் தேசிமாணிக்கப்பட்டணம் என்று குறிக்கின்றன. பதிலுக்கு அவர் எனக்குத் தந்தவை இரண்டு: பெங்களூர்ப் போரைக் குறிப்பிடும், ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சேர்ந்த பேகூர்க் கன்னடக் கல்வெட்டும், 2018இல் ஹெப்பாளத்தில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட, கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்து நடுகல்லும். பெங்களூரின் வரலாற்று ஆய்வு அமைப்பான மிதிக் சொசைட்டியைச் சேர்ந்தவர்கள் இந்த நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் படியெடுத்து இணையத்தில் வைத்து வருகிறார்கள். வெயில் தேய்த்த எழுத்துகூட அந்தப் படிகளில் துலங்குகிறது. மறு ஞாயிற்றுக்கிழமை அவரும் நாங்களும் சேர்ந்து டொம்லூர் கோயிலுக்குச் சென்றோம். நான் தமிழ் எழுத்தை வாசிக்க முயன்றேன், அவர் கங்கர் காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். மொழியை முன்வைத்துச் சண்டை மூளும் செய்திகள் அவ்வப்போது வரும் இந்த நகரத்தில், இரண்டு மொழிக் கல்வெட்டுகளையும் பக்கத்து வீட்டார் ஒருவருக்கொருவர் பரிசளித்துக்கொள்ள முடிந்தது எனக்கு ஆழ்ந்த மகிழ்ச்சி அளித்தது.

கண்டெடுத்ததைச் சேமித்து வைப்பதிலும் கவனம் தேவை. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. தமிழில் நாம் இழந்தவை இன்னும் கூடுதலாக இருக்கும் என்றே அஞ்சுகிறேன். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 முதல் ஈழத்து வெளியீடுகளைக் காத்துவரும் நூலகம் திட்டமும் இல்லாவிட்டால் நாங்கள் சனிக்கிழமைகளில் வாசித்த பல பக்கங்கள் எங்கள் கைக்கு எட்டியிருக்காது. ஆகவே நல்ல பக்கம் ஒன்றைக் கண்டால் இணைய ஆவணக்காப்பகத்தில் அதற்கு ஒரு படி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்துவிட்டே குழுவுக்குத் தருகிறோம். ஒரு நிமிட வேலை அது.

இந்த வாரத்துக்கு நான் எடுத்து வைத்திருப்பது, இந்திய மொழியியல் ஆய்வுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட கிராமபோன் ஒலிப்பதிவுகள். ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய அந்தப் பெரும் ஆய்வையொட்டி, பல மொழி பேசுவோரைப் பேசவைத்து இசைத்தட்டில் பதிந்தார்கள். விவிலியத்தில் வரும் ஊதாரி மகன் கதையைப் பல மொழிகளில் சொல்லியிருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் அவற்றைக் கேட்கலாம். நூறாண்டுக்கு முந்தைய மனிதர் ஒருவர் தமிழில் கதை சொல்லும்போது எங்கே நிறுத்துகிறார், எந்த எழுத்தை அழுத்துகிறார் என்று பெரியப்பாவும் என் தோழியின் மாமியாரும் சொல்லப் போவதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன். பெரியப்பாவுக்குக் காது சற்று மந்தம் என்பதால் கூடத்தில் ஒலிபெருக்கியை வைத்துச் சரிபார்த்துவிட்டேன். கன்னடப் பதிவும் இருப்பதால் மேல்மாடிப் பெரியவரை ஆறு மணிக்கே வந்துவிடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.